தனியே போனால்தான் பயணமா?

ஆஸ்திரேலியப் பாலைவனங்களைக் காரில் கடப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தீர்ப்பு தயாராக வந்து நிற்கிறது. வழிகாட்டியின் வண்டி முன்னே போக, ஏழெட்டுக் குடும்பங்கள் தங்கள் சொந்த வண்டிகளை ஓட்டிக்கொண்டு வரிசையாகப் பின்தொடர்ந்து, இரவில் ஒரே இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் ‘டேக் அலாங்’ பயணம் சாகசமே இல்லையாம். பயந்தவர்களும் வயதானவர்களும் காசு கொடுத்து வாங்கும் பாதுகாப்பாம் அது. தன் வண்டி, தன் வரைபடம், தன் துணிச்சல் என்று தனியே கிளம்புகிறவனே உண்மையான பயணி என்கிறார்கள். ஆங்கிலப் பயண எழுத்தில் இது ஊறிப்போன எண்ணம். பைக்கில் தனியே லடாக் போய் வந்து காணொளி போடும் நம் பிள்ளைகளின் பேச்சிலும் இதே தொனி வந்துவிட்டது. மெல்பர்னிலும் பெர்த்திலும் குடியேறி, ஆசையாய் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய தமிழர்கள்கூடக் குழுவோடு போய் வந்ததை ஏதோ குறையைப் போலத் தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இந்தத் தீர்ப்பை நான் முழுமையாக மறுக்கிறேன். பாலைவனத்தை அறிந்த எவரும் அதைத் தனியே கடந்ததில்லை. தனியே கடந்ததாகப் பெயர் வாங்கியவர்களின் கதையைக் கொஞ்சம் கிளறினால், வழிகாட்டி ஒருவர் எப்போதும் அங்கே இருக்கிறார்.

சிம்ப்சன் பாலைவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று இணையாக நீளும் ஏறத்தாழ 1,100 மணல்மேடுகள் அதில் இருக்கின்றன. கிழக்கு ஓரத்தில், பேர்ட்ஸ்வில் ஊருக்கு அருகே நிற்கும் ‘பிக் ரெட்’ மேடு சுமார் 40 மீட்டர் உயரம். மேற்குப் பக்கம் மவுன்ட் டேரில் டீசல் நிரப்பிக் கிளம்பினால் அடுத்த பங்க் 500 கிலோமீட்டருக்கு அப்பால், பேர்ட்ஸ்வில்லில்தான். இதை முழுதாகக் கடந்த முதல் ஐரோப்பியர் என்று டெட் கோல்சனைச் சொல்வார்கள். ஆண்டு 1936, ஒட்டகங்களோடு போனார். அவரோடு பீட்டர் ஐன்ஸ் என்ற அந்தகிரின்யா இனத்தவரும் போனார். நினைவுகூரும்போது அந்த இரண்டாவது பெயர் எளிதில் நழுவிவிடுகிறது. அதற்கும் முன்னால், 1900 வாக்கில் வறட்சி துரத்தி வெளியேறும்வரை, வங்ககுரு மக்கள் அந்த மணல்மேடுகளுக்கு நடுவிலேயே வாழ்ந்தார்கள். ‘மிகிரி’ என்னும் ஆழமான ஊற்றுக்கிணறுகள் எங்கே இருக்கின்றன என்பது பாட்டாகவும் கதையாகவும் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கையளித்த அறிவு. ஒரு மிகிரியிலிருந்து அடுத்ததற்குப் போகிறவர் தனக்கு முன் நடந்த எத்தனையோ பேரின் பின்னால்தான் நடந்தார். உள்நாட்டு ஊர்களுக்கு மாவும் கம்பளியும் சுமந்த ஒட்டக வரிசைகளும் அப்படியே. பெஷாவரிலிருந்தும் பலுசிஸ்தானிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்கள் கூட்டமாகவே போனார்கள், வழி தெரிந்தவர் முன்னால் போனார்.

தனிமைப் பயணத்தின் உருவமாகவே ஆகிவிட்டவர் ராபின் டேவிட்சன். 1977இல் நான்கு ஒட்டகங்களோடும் ஒரு நாயோடும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து இந்தியப் பெருங்கடல்வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நடந்தவர். அவருடைய துணிச்சலில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லிக் குழுப் பயணிகளை மட்டம் தட்டுகிறவர்கள் அவர் எழுதிய புத்தகத்தை முழுதாகப் படிக்கவில்லை. ஒட்டகத்தைப் பழக்கும் வித்தையை அவர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அது தெரிந்தவர்களிடம் மாதக்கணக்கில் வேலை செய்து கற்றார். நடுவழியில், பிட்ஜன்ட்ஜாரா இனத்துப் பெரியவர் எடி, வார்பர்ட்டன்வரை அவரோடு நடந்தார். ஒரு பெண் தனியே நுழையக் கூடாத புனித இடங்கள் அந்த வழியில் இருந்தன. எந்தப் பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும் என்று சொல்ல அந்த மண்ணின் ஆள் ஒருவர் தேவைப்பட்டார். அந்த நாட்களைப் பற்றி டேவிட்சன் எழுதியவை நன்றியும் மகிழ்ச்சியும் நிரம்பியவை. வழிகாட்டி வந்ததால் தன் பயணம் சிறுத்துவிட்டதாக அவர் எங்கும் குறைப்பட்டதில்லை. அந்தக் குறையை அவருடைய ரசிகர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. ஆஸ்திரேலியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் படிப்பது. 1860 ஆகஸ்டில் மெல்பர்னிலிருந்து பெரும் ஆரவாரத்தோடு கிளம்பியது பர்க், வில்ஸ் இருவரின் குழு. கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து காட்டுவது நோக்கம். கூப்பர் ஓடைக்கரையில் ஒரு கிடங்கு முகாமைப் போட்டுவிட்டு, பர்க் மூன்று பேரோடு வடகடலை நோக்கி ஓடினார். திரும்பும் வழியில் ஒருவர் இறந்தார். மிஞ்சிய மூவரும் 1861 ஏப்ரல் 21ஆம் தேதி மாலை முகாமுக்குத் தள்ளாடி வந்து சேர்ந்தபோது, அங்கே காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்கள். இந்தச் சில மணி நேர இடைவெளியைத்தான் ஒன்றரை நூற்றாண்டாகச் சோக நாடகமாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பின் நடந்தது. கூப்பர் ஓடை வெறும் பாழ்நிலம் அல்ல. யந்த்ருவாந்தா மக்கள் காலங்காலமாக வாழ்ந்த, மீனும் நீரும் உள்ள ஊர் அது. அவர்கள் இந்த மூவருக்கும் மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். நர்டூ என்ற நீர்ச்செடியின் வித்துக்கூடுகளை அரைத்துச் செய்த பணியாரமும் கொடுத்தார்கள். பர்க் அவர்களை நெருங்கவிடவில்லை. ஒருமுறை அவர்கள் நீட்டிய மீனைத் தட்டிவிட்டு, தலைக்கு மேலே சுடச் சொன்னார். பிறகு இவர்களே நர்டூவைத் திரட்டி அரைத்துத் தின்றார்கள். பக்குவம் தெரியாமல் தின்றால் உடலிலுள்ள தயமின் சத்தை அழித்துவிடும் பண்பு அந்தச் செடிக்கு உண்டு. வயிறு நிறைந்தது, கை கால் விளங்காமல் போனது. பர்க்கும் வில்ஸும் செத்தார்கள். மூன்றாமவர் ஜான் கிங், அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்து, அவர்கள் கொடுத்ததை உண்டு, அவர்கள் போன இடத்துக்கெல்லாம் கூடப் போனார். செப்டம்பரில் தேடி வந்தவர்கள் அவரை உயிரோடு கண்டார்கள். மூவர் நின்றது ஒரே ஓடைக்கரையில், ஒரே ஜூன் மாதத்தில். பிழைத்தவருக்கும் இறந்தவர்களுக்கும் நடுவே இருந்த வேறுபாடு, அந்த இடத்தை அறிந்தவர்களின் பின்னால் போக மனம் வந்ததா இல்லையா என்பதுதான். இறந்த அந்த இருவருக்குத்தான் மெல்பர்ன் நடுவில் சிலை வைத்தார்கள்.

அதெல்லாம் பழங்கதை, இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். ஜி.பி.எஸ். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லும். அடுத்த மணல்மேட்டின் மறுபக்கம் யார் ஏறி வருகிறார்கள் என்று சொல்லாது. மேட்டின் உச்சி ஒற்றை வண்டி அகலமே இருக்கும் இடத்தில் இரண்டு வண்டிகள் மூக்கோடு மூக்கு மோதியதால்தான், தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில் கொடி பறக்கும் கம்பம் இல்லாமல் சிம்ப்சனுக்குள் நுழையக் கூடாது என்ற விதியே வந்தது. குழுவில் என்ன நடக்கிறது? முன்வண்டி உச்சியைத் தொட்டதும் யு.எச்.எஃப். வானொலியில், 10ஆம் அலைவரிசையில், குரல் வருகிறது: எதிரே வண்டி இல்லை, உச்சியில் இடப்பக்கம் சரிவு, இரண்டாம் கியரில் ஏறி உச்சியில் காலை எடுங்கள். பின்னால் வருகிறவர் தானேதான் ஓட்டுகிறார். ஸ்டியரிங் அவர் கையில், தடுமாற்றமும் அவருடையதே. கிடைப்பது ஒரு சொல் மட்டும். அந்த ஒரு சொல்லில் பல வருட அனுபவம் இருக்கிறது.

டயர் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சண்டையின் பாதி அதற்குள்தான் இருக்கிறது. தார்ச்சாலையில் 35, 40 பி.எஸ்.ஐ. வைத்து ஓடும் டயரை மணலில் 16, 18க்கு இறக்க வேண்டும். இறக்கினால் டயர் தட்டையாகப் பரவி மணல் மேல் மிதந்து ஏறும். இறக்காமல் ஏறப் பார்க்கிறவன் வேகத்தை நம்புகிறான். வேகத்தில் விறைத்த டயர் துள்ளுகிறது, துள்ளும் ஒவ்வொரு முறையும் மணலைத் தோண்டுகிறது. அப்படியே நூறு பேர் தோண்டினால் மேட்டின் ஏறுமுகம் முழுக்கப் பள்ளம் பள்ளமாகிவிடும். அடுத்து வருகிறவர் இன்னும் வேகமாக வர வேண்டியிருக்கும், அல்லது பள்ளத்தைச் சுற்றிச் செடிகொடிகளின் மேல் புதுத்தடம் போட வேண்டியிருக்கும். குழுவாகப் போனால் நிலம் கெடும் என்று குற்றம் சாட்டுகிறவர்களுக்கு இதுதான் என் பதில். பொறுப்பான வழிகாட்டி மணல் தொடங்கும் இடத்தில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, கையில் அளவுமானியோடு ஒவ்வொரு டயராகப் பார்க்கிறார். காற்று இறக்காதவரை வண்டி நகராது. தனியே போகிறவரைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஒழுங்கானவர் தானே இறக்குவார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டெப்னியைத் தவிர வேறெதுவும் தெரியாமல், ஷோரூமிலிருந்து நேரே பாலைவனத்துக்கு வருகிறவரும் அதே தடத்தில்தான் ஏறுகிறார்.

வண்டி புதைந்தால் இழுக்கும் வேலை இன்னும் கடுமையானது. நீண்டு சுருங்கும் இழுபட்டையைக் கொக்கியில் மாட்டாமல், டிரெய்லர் இழுக்கும் குண்டில் மாட்டி இழுத்ததால், குண்டு பிய்ந்து பீரங்கிக் குண்டாகப் பறந்து உயிர் போன நிகழ்வுகள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. முதலில் மண்வெட்டியால் தோண்டு, அடுத்து சக்கரத்துக்கு அடியில் பலகை வை, இழுப்பது கடைசி வழி. இந்த வரிசையை நிறைய பேர் முதன்முதலில் கேட்பது குழுப் பயணத்தில்தான். ஸ்பினிஃபெக்ஸ் புல்லும் அப்படியே. பிசின் நிறைந்த அந்தப் புல் வண்டியின் அடியில், சூடான புகைக்குழாயைச் சுற்றிச் சேர்ந்து பற்றிக்கொள்ளும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவழிகளில் இப்படி எரிந்து கூடாக நிற்கும் வண்டிகள் உண்டு. தெரிந்தவர் அடிக்கடி நிறுத்தி, வளைந்த கம்பியால் புல்லைப் பிடுங்கச் சொல்வார். எரிச்சலாக இருக்கும், செய்தே ஆக வேண்டும்.

ஆபத்தை நீக்கிவிட்டால் சாகசம் எங்கே என்ற கேள்வி வரும். வழிகாட்டி ஆபத்தை நீக்குவதில்லை. மழை பெய்தால் அவருடைய வண்டியும் களிமண்ணில் நிற்கும். குவீன்ஸ்லாந்தில் எப்போதோ பெய்த மழை வாரங்கள் கழித்து ஐர் ஓடையில் வந்து வழியை மறித்தால், குழு முழுவதும் வடக்கே சுற்றித்தான் போக வேண்டும். அவர் நீக்குவது அறியாமையால் வரும் ஆபத்தை. அந்த ஆபத்தில் வீரம் எதுவும் இல்லை. 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் தடத்தில் ஒரு குடும்பம் வழி தவறியது. அப்பா, அம்மா, மூன்று மகன்கள். கடுங்கோடையில் வண்டியை விட்டு இறங்கி நடந்தார்கள், ஐவரும் தாகத்தில் இறந்தார்கள். வண்டியை விட்டு நகராதே என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஓர் ஆள் கூட இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்கக்கூடும். அவர்கள் முடிவைச் சாகசம் என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? இன்று கோடையில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, சிம்ப்சன் பூங்காக்களை மூடியே வைக்கிறார்கள்.

தனியே போகிறவன் தன் உயிரை மட்டுமே பணயம் வைக்கிறான், அது அவன் உரிமை என்ற வாதமும் எனக்கு ஏற்புடையதல்ல. பேர்ட்ஸ்வில்லில் வாழ்வது நூறு பேர் அளவில்தான். சிறிய நாடு ஒன்றின் பரப்புள்ள பகுதியை அங்குள்ள சின்னக் காவல் நிலையம் பார்த்துக்கொள்கிறது. யாரோ ஒருவர் அவசர ஒலிபரப்பியை அழுத்தினால், அந்தக் காவலரும், ஊர் மெக்கானிக்கும், 1928 முதல் உள்நாட்டு மக்களுக்குப் பறந்துவந்து வைத்தியம் பார்க்கும் பறக்கும் மருத்துவர் சேவையும் தங்கள் வேலையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அதே விமானம் அந்த நேரத்தில் ஒரு பண்ணையில் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கும் தேவைப்படலாம். குழுவில் அச்சு உடைந்தால் அடுத்த வண்டியில் உதிரிபாகம் இருக்கும், இல்லையென்றால் ஓட்டுநரை ஏற்றிக்கொள்ள இடம் இருக்கும்.

கூட்டத்தில் அமைதி எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் அப்படி ஒரு பயணம் போனவர்கள் அல்லர். முன்வண்டியின் தூசி அடங்க இடைவெளி விட்டுத்தான் ஓட்ட வேண்டும். பகல் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் சிவப்பு மணலும் வானமும்தான். திருப்பம் வந்தால் முன்னே போகிறவர் நின்று, பின்னால் வருகிறவர் கண்ணில் பட்டதும் நகர்வார். இந்த ஒரு பழக்கத்தால் யாரும் தொலைவதில்லை, யாரும் யாரையும் முட்டிக்கொண்டும் போவதில்லை. இரவில் முகாமை விட்டு ஒரு மணல்மேடு தாண்டி நடந்தால் போதும், அந்த வானத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒருவரும் இல்லை. தனியே போனவர் அதே வானத்தைப் பார்த்தபடி, காலையில் கேட்ட அந்தக் கடகடச் சத்தம் பேரிங்கிலிருந்து வந்ததா, ஷாக் அப்சார்பரிலிருந்து வந்ததா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. தனிமைப் பயணத்தை உயர்த்திப் பிடிக்கும் பேச்சு யாரை வெளியே நிறுத்துகிறது என்று பாருங்கள். கணவரை இழந்த பிறகும் அந்த வண்டியை விற்காமல் வைத்திருக்கும் எழுபது வயதுப் பெண்ணை, இருதய அறுவைச் சிகிச்சை முடிந்தவரை, வண்டியைப் பற்றி எதுவும் கற்றுக்கொடுக்கப்படாமல் வளர்ந்தவரை, நம்மைப் போல வேறு மண்ணிலிருந்து வந்து இந்த மணலைப் பற்றிக் கேட்க அப்பாவோ சித்தப்பாவோ இல்லாதவரை. சிறு வயதிலிருந்தே பண்ணை வண்டியில் பழகிய ஒருவருக்குத் தனியே போவது இயல்பாக இருக்கலாம். அவருக்கும் ஒரு காலத்தில் பக்கத்து இருக்கையில் யாரோ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அந்த வாய்ப்பு பிறப்பிலேயே கிடைக்காதவர்கள் காசு கொடுத்துப் பெறுகிறார்கள். அதில் இழிவு எங்கே வருகிறது?

குழுப் பயணங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருபது வண்டிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர்வலம் போகும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேர் ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கினால் சுற்றிலும் விறகு மிஞ்சாது, பள்ளம் தோண்டிப் புதைத்தவை அடுத்த காற்றில் வெளியே வரும். அவர்களைக் கண்டிக்க வேண்டும். ஆனால் அதைவிட ஆழமான ஒரு குறை இருக்கிறது. தனிமைப் பயணத்தைப் போற்றுகிறவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கானிங் கால்நடைத் தடம் விலூனாவுக்கும் ஹால்ஸ் கிரீக்குக்கும் நடுவே ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். உலகிலேயே மிகத் தனிமையான வாகன வழிகளில் ஒன்றென்று புகழப்படுவது. 1906–07இல் ஆல்ஃபிரட் கானிங் அதை அளந்தபோது அவருக்கும் வழிகாட்டிகள் இருந்தார்கள். நீர் எங்கே என்று காட்டுவதற்காக அந்த மண்ணின் மக்களைப் பிடித்துச் சங்கிலியால் கட்டி நடத்தினார். அவருடைய குழுவில் சமையல்காரராக இருந்த எட்வர்ட் பிளேக் அதைப் பொறுக்காமல் புகார் கொடுத்தார். 1908இல் அரசு விசாரணைக் குழு அமர்ந்தது, கானிங் குற்றமற்றவர் என்று சொல்லி எழுந்தது. கானிங் திரும்பிப் போய், காட்டப்பட்ட நீர்நிலைகளின் மேல் கிணறுகள் வெட்டி எண் போட்டார். மக்கள் பெயர் வைத்து வணங்கிய ஊற்றுகள் 1, 2, 3 என்று ஆயின. இன்று வழிநடுவே எரிபொருள் விற்கும் மார்ட்டு மக்களின் ஊரான குனவரிட்ஜி, பயண வரைபடங்களில் 33ஆம் கிணறு. 2002இல் நீதிமன்றம் மார்ட்டு மக்களின் நில உரிமையை ஏற்றது. இன்று அந்தத் தடத்தில் போக நில உரிமையாளர்களின் அனுமதிச் சீட்டு வேண்டும். சிம்ப்சனிலும் 2014இல் வங்ககுரு, யர்லுயந்தி மக்களின் உரிமை ஏற்கப்பட்டது. இன்று அங்குள்ள பூங்காவின் பெயரில் முங்கா-திர்ரி என்ற அவர்களுடைய சொல் முன்னால் நிற்கிறது.

ஆளில்லாத வெளி, யாரையும் கேட்காமல் போகலாம் என்பதே தனிமைப் பயணக் கனவின் அடித்தளம். அந்த வெளியில் ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது, கேட்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஆகவே குழுப் பயணத்தை விமர்சிக்க வேண்டுமானால் இந்த இடத்தில் விமர்சியுங்கள்: வழிகாட்டி இருப்பதற்காக அல்ல, யார் வழிகாட்டி என்பதற்காக. கானிங் தடத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு நிறுவனத்திடம், குளிர்பெட்டி எத்தனை லிட்டர், காலை உணவு உண்டா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை இவை. அனுமதிச் சீட்டு எல்லா வண்டிகளுக்கும் வாங்கியாகிவிட்டதா? எத்தனை வண்டிகளோடு நிறுத்திக்கொள்வீர்கள்? மார்ட்டு மக்களில் ஒருவர் எங்களோடு முன்வண்டியில் வருகிறாரா, அவருக்கு நீங்கள் கொடுக்கும் சம்பளம் எவ்வளவு?